சுண்ணாம்புக்காளவாய்த் தெருவின் நீளம்

வடமலைக்கோட்டை நகராட்சி வண்டிகள் பத்தொன்பதுக்கும் வேகப் பொட்டி மாட்டிய ஆடி மாசத்துத் திங்கட்கிழமையிலிருந்துதான் எங்கள் தெரு நீளத் தொடங்கியது, அதற்கு முன்னால் அது நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர், நகராட்சிப் பதிவேட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது, என் காலுக்கும் அப்படித்தான் பழக்கம், ஏனென்றால் இருபத்தேழு வருஷமாக அந்தத் தெருவின் கடைசி வீட்டில், ஐம்பத்தெட்டாம் நம்பரில், ரவிக்கை தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் நான். செண்பகவடிவு என்று பேர். தெருவில் பாதிப்பேர் உடம்பளவு எனக்குத் தெரியும், மீதிப்பேருக்கு என் வாயைத் தெரியும்.

பொட்டி என்றால் பெரிசாக ஒன்றுமில்லை, சோப்பு டப்பா அளவுதான், டிரைவர் காலுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும், வண்டி எங்கே நிற்கிறது எத்தனை வேகத்தில் ஓடுகிறது என்று நொடிக்கு நொடி ஆபீசுக்குச் சொல்லிவிடும். மார்க்கெட்டில் தண்ணி லாரி ஒரு பூக்காரியின் காலில் ஏறியதற்குப் பிறகு, எந்த வண்டியும் நாற்பதுக்கு மேல் போகக்கூடாது என்று வந்த உத்தரவு அது. நல்ல உத்தரவுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த உத்தரவை யாரிடம் கொடுத்தார்கள்? சுகாதார ஆய்வாளர் தனுஷ்கோடியிடம். அந்த மனுஷன் சுவர் அளவுக்கு ஒரு திரை வாங்கி மாட்டினார், திரையில் பத்தொன்பது வண்டிக்கும் பத்தொன்பது வரி, வரிக்கு ஐந்து கட்டம், மாவட்டத்துக்கு அனுப்புகிற படிவத்தில் சராசரி வேகம் ஒன்றைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்பதால் முதல் கட்டமாகிய சராசரியை மட்டும் திறந்துவைத்துவிட்டு மற்ற நான்கையும் மூடிவிட்டார். சராசரி நாற்பதுக்குள் இருந்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு, சிவப்பு வந்தால் டிரைவருக்கு மெமோ.

டிரைவர்களுக்கு இது புரிய ஒரு நாள் கூட ஆகவில்லை. காலையில் பஸ் ஸ்டாண்டு டீக்கடை முன்னால் எஞ்சினை ஓடவிட்டபடி முக்கால் மணி நேரம் நின்று வடை தின்றுகொண்டிருந்தால் சராசரி பாதாளத்துக்கு இறங்கிவிடும், அப்புறம் எப்படிப் பறந்தாலும் சாயங்காலம் கூட்டிக் கழித்துப் பார்க்கிறபோது பச்சைதான் வரும். பறக்காமலும் முடியாது, குப்பை கொட்டுகிற உரக்கிடங்குக்கு ஒரு நாளைக்கு எட்டு நடை அடிக்க வேண்டும் என்று எழுதிப்போட்டவரும் அதே தனுஷ்கோடிதான். சரி, எங்கே பறப்பது? மார்க்கெட்டில் கூட்டம், பஸ் ஸ்டாண்டில் நெரிசல், கோயில் வாசலில் மாடு. வளைவும் இல்லாமல் மேடும் இல்லாமல் நேராக உரக்கிடங்குக்கு ஓடி அங்கேயே முடிந்துபோகிற ஒரே சாலை எங்கள் தெரு. ஊர் பூராவும் மிச்சம் பிடித்த வேகத்தையெல்லாம் கொண்டுவந்து எங்கள் தலையில் கொட்டினார்கள், நாசமாய்ப் போகிறவர்கள்.

அந்தத் திங்கட்கிழமை பத்தே முக்காலுக்கு ஏழாம் நம்பர் குப்பை லாரி எழுபத்தெட்டு வேகத்தில் போயிற்று. ஓட்டியவன் கொம்பையா, எங்கள் தெரு ஆறாம் வீட்டுக்காரன். அது போன கையோடு தெரு விலகிக்கொண்டது. வேகமாக வருகிற எதைக் கண்டாலும் கோழி விலகுவதில்லையா, அதுபோலத்தான். எந்தச் சுவரும் விரியவில்லை, ஒரு ஓடு கூடச் சரியவில்லை, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு முழம் தார் ரோடு புதிதாக வந்து படுத்திருந்தது. நான் பால் வாங்கிவிட்டுத் திரும்பும்போது பால் லேசாகத் திரிந்திருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணி பிறக்கும்போது ஒரு கிலோமீட்டர், புரட்டாசி சனிக்கிழமைகளுக்குள் மூன்று. யாரும் வாயைப் பிளக்கவில்லை. நகராட்சி போட்ட ரோடுகளிலேயே குழி இல்லாத ரோடு அதுதான் என்பதில் முதலில் எல்லாருக்கும் சந்தோஷம்தான், வீட்டுக்கு வீடு இடம் கிடைத்ததென்று ஒருத்தர் ஆடு கட்டினார், ஒருத்தர் வாழை வைத்தார், சுவர் தகராறில் பதினாலு வருஷமாகப் பேசாத இருபதாம் வீடும் இருபத்தொன்றாம் வீடும் சண்டை போடச் சுவரே எட்டாத தூரமானதும் போனில் கூப்பிட்டுச் சண்டை போட்டார்கள். தெருமுக்கிலிருந்து முப்பதாம் வீடு வரைக்கும் ஷேர் ஆட்டோ ஓடியது, அதற்கப்பால் எவனும் வரமாட்டேனென்றான். கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனவர்கள் மத்தியில் ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். குழாய் மட்டும் தெருவோடு சேர்ந்து இழுபட்டு இடியாப்பம்போல மெலிந்து, கடைசி பத்து வீட்டுக்கு விரல் தடிமன் தண்ணீர் கூட வரவில்லை. நகராட்சி என்ன செய்தது தெரியுமா? தெருமுக்கில் பெரிய பலகை வைத்து, புதிதாக மூன்று கிலோமீட்டர் தரமான சாலை அமைக்கப்பட்டது என்று எழுதி, மாலை போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போனது.

நான் ஆபீசுக்குப் போனேன். போகவே பாதி நாள் ஆயிற்று. தனுஷ்கோடி திரைக்கு முன்னால் உட்கார்ந்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார்.

“சார், ஒங்க லாரி பறக்கப் பறக்க எங்க தெரு நீண்டுக்கிட்டே போவுது. கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்க.”

“இந்தாம்மா, இங்க பாரு. ஏழாம் நம்பர், சராசரி முப்பத்தெட்டு. பச்சை. பத்தொன்பதும் பச்சை. ஜில்லாவிலேயே நாமதான் முதல்.”

“சராசரி கெடக்கட்டும் சார். எங்க தெருவுல எத்தனைன்னு பாருங்க.”

“அந்தக் கட்டத்தை யாரும் கேக்கல. கேக்காத கட்டத்தை நான் எதுக்குத் திறக்கணும்?”

“சரி, ஒரு வேகத்தடையாவது போடுங்க.”

“பொட்டி இருக்கும்போது தடை எதுக்கு? போம்மா, வேலை கெடக்கு.”

நாங்களே கல்லும் தாருமாக ஒரு தடை போட்டோம். மறுநாள் தெரு இழுத்த இழுப்பில் அது சப்பாத்தியாகத் தேய்ந்துபோனது. அதைவிடக் கொடுமை, பாதை நீண்டதால் எட்டு நடை ஏழாகக் குறைகிறதென்று தனுஷ்கோடி டிரைவர்களுக்கு மெமோ கொடுத்தார், அவர்கள் எட்டு நடையைப் பிடிக்க இன்னும் வேகமாக ஓட்டினார்கள், அதனால் தெரு இன்னும் நீண்டது, ஐப்பசி அடைமழையில் ஏழு கிலோமீட்டர், கார்த்திகையில் பதினொன்று. மூளை என்று ஒன்று அந்த ஆபீசில் எவனுக்காவது இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான்.

அந்தக் கார்த்திகையில்தான் என் மகள் ஆவுடைச்செல்வியைத் தலைப்பிரசவத்துக்கு என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். சம்பந்தியம்மாள் நயமாகத்தான் சொன்னாள், “மதினி, ஒங்க தெரு இப்ப இருக்கிற இருப்புக்கு அவ இங்கயே இருக்கட்டும், ஆஸ்பத்திரி எதுத்தாப்புல இருக்கு” என்று. ஆவுடையும் அப்படித்தான் நினைத்தாள் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்குத்தான் சுருக்கென்று கோபம் வந்தது. தலைப்பிள்ளையைத் தாய் வீட்டில் பெறாமல் எவள் பெற்றிருக்கிறாள், நாளைக்கு ஊர் என்னை என்ன பேசும், பதினொரு கிலோமீட்டர் என்ன பெரிய தூரம் என்று குதித்து, ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு போய்க் கையோடு கூட்டிவந்துவிட்டேன். ஆட்டோவில் முப்பதாம் வீடு வரை வந்து, அங்கிருந்து ஒரு தயிர்க்காரருடைய வேனில் வந்தோம். வழியெல்லாம் அவள் கழுத்தைத் திருப்பிப் பின்னால் போகிற ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள் ஏழாம் நம்பர் லாரி உரக்கிடங்கில் மக்கர் பண்ணி நின்றுவிட்டது. அதைக் கயிறு கட்டி ஒரு டிராக்டர் நடையளவு வேகத்தில் எங்கள் தெரு வழியே இழுத்துக்கொண்டு போனது, போகப் போகத் தெரு அதன் சக்கரத்துக்குள்ளே பாயைச் சுருட்டுவதுபோலச் சுருண்டது, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் சத்தம் மூன்று மாசத்துக்குப் பிறகு என் காதில் விழுந்தது. இரண்டு கிலோமீட்டர் குறைந்துபோயிற்று. பொட்டி மாட்டிய வண்டி பறந்தால் தெரு ஓடும், ஊர்ந்தால் தெரு வரும், இவ்வளவுதான் சங்கதி என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே கொம்பையா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

“ஏ கொம்பையா, ஒரு வாரம் மெதுவாப் போ. எம் மவ மாசமா இருக்கா.”

“யக்கா, மெதுவாப் போனா அஞ்சு நடைதான் வரும். வேலை போயிரும். பெறவு எம் பிள்ளைகளுக்கு நீங்க சோறு போடுவியளா?”

“ஒம் வீடு தெருமுக்குல இருக்கு. அந்தத் திமிருல பேசுத.”

“ஆமா, திமிருதான். போங்க.”

கதவைச் சாத்திக்கொண்டான். வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினேன், ஏசிவிட்டு நடந்து வீடு வந்து சேரும்போது காலெல்லாம் கொப்புளம். மறுநாள் அவன் எண்பத்தாறில் போனான்.

மார்கழி ஒன்பதாம் தேதி, டாக்டர் சொன்ன நாளுக்குப் பத்து நாள் முன்னாலேயே, காலை பத்து மணிக்கு ஆவுடைக்கு வலி கண்டது, வலியோடு ரத்தமும் கண்டது. வெளி ஆம்புலன்ஸ்காரர்களுடைய போன் மேப்பில் என் வீடே கிடையாது, அதனால் நகராட்சி ஆஸ்பத்திரி ஆம்புலன்சைக் கூப்பிட்டேன், ஒரு ஆட்டோவையும் கூப்பிட்டேன். ஆம்புலன்சிலும் பொட்டி இருந்தது. ஐயோ, அது எனக்கு அந்த நிமிஷத்தில் உறைக்கவில்லையே! ஆம்புலன்ஸ்காரன் நல்ல மனசோடுதான் சைரன் போட்டுக்கொண்டு தொண்ணூற்றுநாலில் கிளம்பினான், “இந்தா வந்துட்டேன் யம்மா, பத்து நிமிஷம்” என்றான், பத்து நிமிஷம் கழித்து “இன்னும் பத்து நிமிஷம்” என்றான், அவன் வர வர என் வீடு பின்னால் போய்க்கொண்டே இருந்தது, வாசலில் நின்று பார்த்தால் ஐம்பத்தேழாம் வீடு தீப்பெட்டியாகச் சிறுத்து, கடுகாகச் சிறுத்து, கானலில் கரைந்துபோனது. “மெதுவா வா, மெதுவா வா” என்று போனில் கத்தினேன். “யம்மா, கோட்டி பிடிச்சிருக்கா ஒங்களுக்கு? உயிர் போற நேரத்துல மெதுவா வரச் சொல்லுதிய” என்று அவன் இன்னும் அழுத்தினான். முக்கால் மணி நேரத்தில் டீசல் தீர்ந்து நடுரோட்டில் நின்றான். பின்னால் வந்த ஆட்டோ அவன் நீட்டிவிட்ட ரோட்டில் எங்கேயோ பெட்ரோல் இல்லாமல் நின்றது. அப்போது எங்கள் தெரு முப்பத்தோரு கிலோமீட்டர்.

உரக்கிடங்குப் பக்கமிருந்து ஏழாம் நம்பர் காலி லாரி வந்தது. நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடுரோட்டில் நின்றேன். ஏற்றினால் ஏற்றட்டும் என்றுதான் நின்றேன். பிரேக் போட்டான், வண்டி என் மூக்குக்கு ஒரு அடியில் வந்து நின்றது.

“சாவணும்னா வேற லாரியில போய் சாவுங்க!”

“ஆவுடைக்கு ரத்தம் போவுதுல. ஏத்து. ஏத்திக்கிட்டு எட்டு வேகத்துல போ.”

அவன் இறங்கி வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தான். பாயைப் பார்த்தான். முகம் மாறிப்போனது. ஆவுடையைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவன்தானே. என்னை ஏசாமல் அவளைத் தூக்கிக் கேபினில் படுக்கவைத்தான், ஏறி உட்கார்ந்தான்.

“யக்கா, இந்த நெலமையில எட்டுல போனா எப்பம் போய்ச் சேர?”

“வேகமாப் போனா ஊரே தள்ளிப் போகும்ல, சவத்த மூதி! எட்டுல போ!”

எட்டில் போனான். அப்படி ஒரு பயணத்தை என் எதிரிக்கும் நான் விரும்பமாட்டேன், மகள் மடியில் கிடந்து முனகுகிறாள், அவன் கால் துடிக்கிறது மிதிடா மிதிடா என்று, மிதித்தால் தொலைந்தோம், நடந்துபோகிறவன் நம்மைத் தாண்டிப் போவான் போல ஊர்கிறது லாரி, ஊர ஊர ரோடு சக்கரத்துக்குள்ளே சுருள்கிறது, ஐம்பத்தேழாம் வீடு வந்தது, ஐம்பது வந்தது, ஆடுகள் வாழைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு வந்தன. எதிரே தண்ணி லாரி ஒன்று எழுபதில் வந்தது. நாற்பத்திரண்டாம் வீட்டுக்காரர்கள் விஷயத்தைப் புரிந்துகொண்டு கட்டில்களைத் தூக்கி ரோட்டில் போட்டார்கள், அதற்கு முன்னால் உள்ளவர்கள் குடத்தைப் போட்டார்கள், ஆட்டுரலை உருட்டினார்கள், பதினாலு வருஷம் பேசாத இருபதும் இருபத்தொன்றும் ஒரே பீரோவை ஆளுக்கொரு பக்கம் பிடித்து நடுரோட்டில் வைத்துவிட்டு, எங்கள் லாரி வரும்போது மட்டும் நகர்த்தினார்கள். ஏச்சும் பேச்சுமாக நகராட்சி வண்டிகளெல்லாம் ஓரங்கட்டி நின்றன. கொம்பையாவின் போன் விடாமல் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

“ஏழாம் நம்பர், என்னய்யா நத்தை மாதிரி போற? மூணு நடைதான் ஆகியிருக்கு!” தனுஷ்கோடி.

“பிரசவக் கேசு சார்.”

“அப்ப வேகமாப் போயேன்யா! சராசரியில நான் பாத்துக்கிடுதேன்!”

கொம்பையா போனை அணைத்துவிட்டு, எட்டிலேயே ஓட்டினான். ஐம்பது நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. தெரு நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர் ஆகிவிட்டிருந்தது. ஆவுடை பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை, பெண் பிள்ளை, தலை நிறைய முடி. அரை மணி நேரம் முன்னால் வந்திருக்கலாமே என்றார் டாக்டர்.

நாலாம் நாள் ஆபீசில் விசாரணை. மெதுவாக ஓட்டி ஒரு உயிரைக் கொன்றதாகக் கொம்பையாமேல் குற்றம். ஆணையர் நடுவில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் தனுஷ்கோடி.

“நாற்பதுலயாவது போயிருந்தா பிள்ளை பிழைச்சிருக்கும்ல? நீயே சொல்லும்மா” என்றார் தனுஷ்கோடி, என்னமோ என் பக்கம் பேசுகிறவர்போல.

ஐந்து மாசமாக நான் கரித்துக்கொட்டிய கொம்பையா கைகட்டி நிற்கிறான். ஒரு வார்த்தை, ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை நான் சொன்னால் அவன் கதை முடிந்தது. சொல்ல ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஐம்பது நிமிஷமும் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்.

“எட்டுல போகச் சொன்னது நான். எம் பேத்தியக் கொன்னது அந்த எட்டு இல்ல. அஞ்சு மாசமா நீரு மூடி வச்சிருக்கிற கட்டத்தைத் தொறந்து வாசியும்யா, எது கொன்னதுன்னு தெரியும்.”

“அது தேவையில்லாத...”

“தொறங்க சார்” என்றான் கொம்பையா. “என்னுதை மொதல்ல வாசிங்க.”

ஆணையர் தலையசைக்க, திறந்தார்கள். எழுபத்தெட்டு, எண்பத்திரண்டு, எண்பத்தாறு என்று தேதியும் மணியுமாக, சுண்ணாம்புக்காளவாய்த் தெருவில் மட்டும் அறுநூற்றுப் பதினோரு தடவை. ஒவ்வொன்றையும் வாசித்து முடிக்க மத்தியானம் ஆயிற்று. ஒவ்வொரு வரிக்கும் அவன் “ஆமா” என்றான். பிறகு ஆம்புலன்ஸ் வரியைத் திறந்தார்கள், தொண்ணூற்றுநாலு, தொண்ணூற்றாறு, போகவேண்டிய தெருவின் நீளம் பதினொன்று, பத்தொன்பது, இருபத்தாறு, முப்பத்தொன்று.

“அன்றைக்கு ஆம்புலன்ஸ் சராசரி எவ்வளவு?” என்றார் ஆணையர், பழக்க தோஷத்தில்.

“முப்பத்தொன்பது சார்” என்றார் தனுஷ்கோடி. “பச்சை.”

நான் அவர் முன்னால் இருந்த கடலைத் தட்டை எடுத்து அவர் மூஞ்சியில் வீசினேன். அதற்காக என்மேல் ஒரு கேஸ் நடக்கிறது, நடக்கட்டும். நடை எட்டிலிருந்து ஐந்தாகக் குறைந்தது, மூடிய கட்டங்களெல்லாம் இப்போது திறந்திருக்கின்றன. தனுஷ்கோடியைப் பக்கத்து ஊருக்கு மாற்றினார்கள். வேலை போனது கொம்பையா ஒருத்தனுக்குத்தான், ஒப்புக்கொண்டவன் அவன் ஒருத்தன்தானே. மற்ற பதினெட்டு டிரைவர்களும் வாயைத் திறக்கவில்லை. அறுநூற்றுப் பதினொன்றுக்கு அது அவனுக்கு வேண்டியதுதான் என்பேன். எட்டில் ஊர்ந்து என் மகளைக் கொண்டுசேர்த்தவன் வேலையைப் பறித்தவர்கள் விளங்கவே மாட்டார்கள் என்றும் சொல்வேன். தெருவில் இரண்டையும் உரக்கத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அவன் வீட்டைத் தாண்டும்போது நான் அவனிடம் பேசுவதில்லை, அவனும் பேசுவதில்லை.

ஆவுடை பதினாறு நாள் என் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். பதினேழாம் நாள் சம்பந்தியம்மாள் கூட்டிப்போக வந்து, ஒரு பழிச்சொல்லும் சொல்லாமல் அவள் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். ஆவுடை எழுந்து உட்கார்ந்து, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

“யம்மா, நான் அங்கயே இருக்கேன்னுதானே சொல்ல வந்தேன். நீ ஏன் கேக்கல?”

ஆணையருக்குச் சொன்னேன், தனுஷ்கோடிக்குச் சொன்னேன், ஊர் பூராவுக்கும் சொன்னேன், இவளுக்கு முன்னால் மட்டும் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டேன். ரசம் ஊற்றிப் பிசைந்த சோற்றை எடுத்துவந்து, “ரெண்டு வாய் தின்னுட்டுப் போ தாயி” என்று நீட்டினேன். அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.